ராமாயி அக்காவும் ஆறாம் அத்தியாயமும்

செய்தி வந்தபோது நான் ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் காலை பஸ்ஸில் இருந்தேன். ஏழாவதோ எட்டாவதோ கொண்டை ஊசி வளைவு. போனில் பேசியவள் செல்வி, ராமாயி அக்காவின் மகள்.

"டீச்சர், அம்மா போயிட்டாங்க."

"எங்க போயிட்டாங்க? இன்னிக்கு லீவா?" என்று கேட்டேன்.

இதை எழுதும்போதுகூட எனக்குக் கூசுகிறது. ஆனால் தபால்காரம்மா போய்விட்டார் என்றால், கரடியூர்ப் பாதையில் இருக்கிற யாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். இந்த ஊருக்குக் கடிதங்களைக் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போயிருப்பார். செல்வி வாய்விட்டு அழுத பிறகுதான் எனக்கு உறைத்தது. அடுத்த வளைவில் சிக்னலும் அறுந்துவிட்டது.

எழுந்து போய் பஸ்ஸை நிறுத்தச் சொன்னேன். "ஏனுங்க டீச்சர், இங்க இறங்கி என்னங்க பண்ணுவீங்க? கொரங்குதான் இருக்குது. அடிவாரத்துல இறங்கிக்கங்க" என்றார் கண்டக்டர். அவர் சொன்னது நியாயம்தான். ஆனாலும் என்னால் திரும்பிப் போய் உட்கார முடியவில்லை. அடிவாரம் வரும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தேன். என் தோள்பையில் ஒரு கடிதம் இருந்தது. நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதிய சிறுவர் நாவலின் மறுபதிப்பில் ஆறாம் அத்தியாயத்தை எடுத்துவிடலாம் என்று நான் கையெழுத்துப் போட்டிருந்த கடிதம். சேலத்திலுள்ள பதிப்பாளரிடம் கொடுக்கத்தான் போய்க்கொண்டிருந்தேன். அந்த அத்தியாயம் முழுக்க முழுக்க ராமாயி அக்காவுடையது. அவரிடம் நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

அடிவாரத்தில் இறங்கி, மேலே போகும் பஸ்ஸுக்காக முக்கால் மணி நேரம் நின்றேன். நின்றேன் என்பது பெயருக்குத்தான். ரோட்டின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

மலையில் இருப்பவர்களுக்கு ராமாயி அக்காவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கீழே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கரடியூர்ப் பாதையிலும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் தபால் கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர். காக்கிப் பையும் குடையுமாக, மழையோ பனியோ, நடந்தே போவார். சேர்வராயன் மலையின் பழங்குடிகளான மலையாளிகளில் ஒருவர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. பேசுவது தமிழ்தான். நானோ, தாத்தா காலத்தில் கீழ்நாட்டிலிருந்து காப்பி எஸ்டேட் வேலைக்கு மலையேறிய கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். அந்தப் பாதையிலேயே இருக்கிற ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. பள்ளிக்குப் பின்னால் உள்ள குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறேன்.

எங்களைச் சேர்த்துவைத்தது ஒரு தடித்த தபால் உறை. அதற்குள் நான் எழுதிய நாவல் இருந்தது. பதிப்பகம் பதிப்பகமாக அனுப்புவேன், அதுவும் சொல்லிவைத்தாற்போல் திரும்பி வரும். நான்காவது முறை வந்தபோது, ராமாயி அக்கா அதைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"டீச்சர், உள்ள என்னங்க இருக்குது? நான்கூட இத்தனை வாட்டி மலையேறி இறங்குனதில்லைங்க."

"கதைங்கக்கா. சின்னப் புள்ளைங்களுக்கு எழுதுனது."

"படிங்க, கேக்கறேன்."

வாசலிலேயே நின்று படித்தேன். இந்த மலையில் காட்டை வெட்டி முதல் காப்பித் தோட்டங்கள் போட்ட காலத்தில் நடக்கிற கதை. கீழ்நாட்டிலிருந்து வந்த கூலிக் குடும்பத்துச் சிறுமி மரியாள். மலையாளிச் சிறுமி சடைச்சி. ஆடி மாத மழையில் பாதை சரிந்துபோய், இரண்டு பேரும் காட்டுக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். நான்கு நாள் கழித்து உயிரோடு வெளியே வருகிறார்கள். இரண்டு பக்கம் கேட்டுவிட்டு அக்கா குடையை மடக்கினார்.

"இந்தப் புள்ளைங்க ரெண்டாம் நாளே செத்துருமுங்க."

எனக்குச் சுருக்கென்றது. நூலகம் நூலகமாகப் போய்க் குறிப்பெடுத்து எழுதிய கதை அது. "எதுக்குச் சாகணும்?" என்றேன், கொஞ்சம் வெடுக்கென்றே.

"ஓடையைப் புடிச்சுக் கீழ போனா ஊரு வருமுன்னு எழுதியிருக்கறீங்க. நம்ம மலையில ஓடையைப் புடிச்சுப் போனா அருவித் தலையிலதானுங்க போயி நிக்கும். மழைக்குப் பாறை வழுக்கும். கதை அங்கயே முடிஞ்சுதுங்க. அப்பறம், பலாமரத்தடியில படுத்துத் தூங்குனாங்கன்னு இருக்குது. பலாப்பழக் காலத்துல அங்க படுத்தா, காலையில கரடிதான் வந்து எழுப்பும்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். இரண்டு நாள் அவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மூன்றாம் நாள் நானே பள்ளி கேட்டுக்குப் போய் நின்று, "அக்கா, அப்ப அந்தப் புள்ளைங்க எந்தப் பக்கம் போகணும்?" என்று கேட்டேன்.

அன்று தொடங்கி இரண்டு வருஷம். தபால் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மத்தியானம் பத்து நிமிஷம் என் வீட்டுப் படியில் உட்காருவார். கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துக்கொண்டே சொல்வார். நான் நடந்துகொண்டே எழுதுவேன். எனக்கு உட்கார்ந்து யோசிக்க வராது. "டீச்சர், ஒரு எடத்துல நில்லுங்க. உங்களப் பார்த்துப் பேசறதுக்குள்ள எனக்குக் கழுத்து வலிக்குது" என்பார். மழையில் காய்ந்த சுள்ளி எந்தப் பாறைக்கு அடியில் கிடைக்கும், ராத்திரி எங்கே ஒடுங்கலாம், எந்தத் தண்ணீரைத் தொடக் கூடாது, எல்லாம் அந்தப் படியில் வைத்துக் கேட்டவை. கேட்டதை உடனே எழுதிக் காட்டினால், "இன்னொருக்கா யோசிச்சுட்டு நாளைக்குச் சொல்றேன்" என்று எழுந்துவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆறாம் அத்தியாயத்தில்தான் எங்களுக்கு முட்டிக்கொண்டது. காட்டுக்குள் மூன்றாம் நாள். குழந்தைகளுக்கு அகோரப் பசி. ஒரு கிழங்கைத் தோண்டிச் சுட்டுத் தின்றுவிட்டு அவர்கள் தொடர்ந்து ஓட வேண்டும் என்று நான் எழுதியிருந்தேன்.

"அந்த நேரத்துல அங்க கெடைக்கறது கசப்புக் கிழங்குங்க. அப்படியே தின்னா தொண்டை எரியும், கிறுகிறுன்னு வரும், ஆளே போயிரலாம். மெல்லுசா சீவிக் கூடையில போட்டு, ஓடற தண்ணியில ஒரு ராத்திரி ஒரு பகல் ஊறணும். அப்பறம் ரெண்டு தண்ணி மாத்தி வேக வெக்கணும்" என்றார்.

"ஒரு நாள் முழுக்க உக்காந்திருந்தா கதை நின்னு போயிருமுங்கக்கா. இது ஓடற கதை."

"கதை ஓடட்டுங்க. கெழங்கு ஓடாது."

சரி, ஊறட்டும் என்று விட்டுக்கொடுத்தேன். அடுத்து ஒன்று கேட்டார். "எதுல வேக வெக்கறாங்க?"

"மரியாளோட தூக்குப்போசியில. சாப்பாடு கொண்டாந்த போசி அவகிட்ட இருக்குதில்லைங்க."

ராமாயி அக்கா கடிதங்களை அடுக்கினார். பிறகு நிமிராமலே, "அப்ப சடைச்சி திங்க மாட்டாளுங்க" என்றார். அந்தக் காலத்தில் கீழ்நாட்டுக்காரர்களின் பாத்திரத்தில் மலையாளிகள் சாப்பிட மாட்டார்களாம்.

"பசியில உசுரு போனாலுமா?"

"தெரியலைங்க. யோசிக்கணும்."

பையை மாட்டிக்கொண்டு போனார். எனக்கு அன்று பள்ளிக்கூடத்தில் ஒரு வேலையும் ஓடவில்லை. இரண்டு வருஷமாக என் வீட்டுப் படியில் உட்காரும் அந்த மனுஷி, ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்கிக் குடித்தது கிடையாது. கேட்டால் "இப்பத்தானுங்க குடிச்சேன்" என்று தன் பாட்டிலைக் காட்டுவார். நானும் வற்புறுத்தியதில்லை. காரணம் எனக்கு உள்ளுக்குள் தெரிந்திருந்தது என்பதுதான் உண்மை. கீழே யார் யார் வீட்டு வாசலில் எங்கள் ஆட்களை எங்கே நிற்கவைத்தார்கள் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். மலைமேலும் அதுதானா என்று கோபம் வந்தது. கேட்டுவிட்டால் இவரும் வராமல் போய்விடுவாரோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

நான்கு நாள் தபால் மட்டும் வந்தது. பேச்சு இல்லை. ஐந்தாம் நாள் வந்தவர் உட்காரவில்லை.

"எழுதிக்கங்க டீச்சர்" என்றார்.

கூடை ஓடையில் கிடக்கிறது. மரியாள் பசி தாங்காமல் இரண்டு தடவை கூடையை இழுக்கப் போகிறாள். சடைச்சி கூடையை விடாமல் பிடித்துக்கொள்கிறாள். முதலில் சண்டை. பிறகு பேசுவதற்கு வேறு யாரும் இல்லாததால் பேச்சு. உங்கள் ஊரில் மழை எப்படிப் பெய்யும், உங்கள் சாமி எங்கே இருக்கும் என்று ஆரம்பித்து, சாயங்காலத்துக்குள் இருவரும் சேர்ந்து எஸ்டேட் கங்காணியைப் போலச் செய்துகாட்டிச் சிரிக்கிறார்கள். மறுநாள் கிழங்கு போசியில் வேகிறது. மரியாள் கையை நீட்டுகிறாள். சடைச்சி அவள் கையைத் தட்டிவிட்டு, அந்தப் போசியிலிருந்து முதல் துண்டை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொள்கிறாள்.

"கசப்புப் போச்சான்னு யாராச்சும் மொதல்ல தின்னு பார்க்கணுமில்லைங்க. அது தெரிஞ்சவ அவதான். அந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆயிரக் கூடாதுன்னு நெனச்சா, யாரு போசின்னு பார்க்க முடியாதுங்க" என்றார் அக்கா.

நான் எழுதி முடிக்கும்வரை நின்றார். பிறகு, "ஒரு டீ குடுங்க" என்றார்.

டீ போட ஓடினேன். பாதியை அடுப்பில் கொட்டினேன். எந்த டம்ளரில் கொடுப்பது என்று அலமாரி முன்னால் நின்றேன், பிறகு நான் தினமும் குடிக்கிற டம்ளரிலேயே ஊற்றிக் கொடுத்தேன். நின்றவாக்கில் முழுவதையும் குடித்துவிட்டு, "சக்கரை நொம்பங்க" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியதே இல்லை. மறுநாளும் டீ கேட்டார்.

நாவலைச் சேலத்தில் ஒரு சிறிய பதிப்பாளர் எடுத்துக்கொண்டார். அட்டையில் இரண்டு பேர் பெயரும் போட வேண்டும் என்று நான் சொல்லிவிட்டேன். அட்டைப் படம் தபாலில் வந்தது. பிரித்தால், தென்னந்தோப்பு, படகு, நெற்றியில் சந்தனமும் கசவுச் சேலையுமாக ஒரு சிறுமி! கதையில் 'மலையாளிப் பெண்' என்று இருந்ததைப் பார்த்து ஓவியர் நேராகக் கேரளத்துக்குப் போய்விட்டார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். ராமாயி அக்கா படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க டீச்சர், ஏற்காட்டுல எங்கயாச்சும் படகு வுடோணும்னா அந்த ஏரியில வுட்டுக்கலாம். தென்ன மரத்துக்கு நான் எங்கயிங்க போவேன்?" என்று சிரித்தார். சிரித்து முடித்ததும் உட்கார்ந்து ஓவியருக்கு ஒரு கார்டு எழுதினார். நீங்கள் ஒரு தடவை ஊருக்கு வந்தால் நல்லது, ஒண்டிக்கடை ஸ்டாப்பில் இறங்கி யாரைக் கேட்டாலும் என் வீட்டைச் சொல்வார்கள் என்று. அந்த ஓவியர் வந்தார். ஒரு நாள் தங்கினார். இப்போது அட்டையில் இருப்பது அவர் அதற்குப் பிறகு வரைந்த படம்.

முதல் பதிப்பு விற்றுத் தீர்ந்தது. இந்த வருஷம் மறுபதிப்பு, அதுவும் நிறையப் பள்ளிக்கூடங்களுக்குப் போகும் என்று பதிப்பாளர் சொன்னார். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார். ஆறாம் அத்தியாயம் வேண்டாம். படித்துவிட்டு எந்தப் பிள்ளையாவது காட்டுக் கிழங்கைத் தோண்டித் தின்றுவிட்டால் என்ன செய்வது? அந்தப் பாத்திர விஷயமும் எதற்கு? யாராவது சங்கடப்படுவார்கள். குழந்தைகள் கொய்யாப்பழம் பறித்துத் தின்றதாக இரண்டு வரி போதும் என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு அவர் கவலை. சரி என்றவள் நான்தான். புத்தகம் வர வேண்டும், சீக்கிரம் வர வேண்டும் என்ற பறப்பு எனக்கு. இந்த அவசரபுத்தி என்னோடு பிறந்தது.

திருத்திய தாள்கள் வந்த உறையை வழக்கம்போல ராமாயி அக்காதான் கொண்டுவந்து கொடுத்தார். மேலே 'சுருக்கிய பிரதி' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. போன சனிக்கிழமை அது.

"எதைங்க சுருக்குனாங்க?" என்று கேட்டார்.

"வர்ணனைதாங்கக்கா. அங்கங்க கொஞ்சம் கூடுதலா இருந்துச்சு."

"ஓ" என்றார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டுப் போனார். அவரிடம் நான் கடைசியாகச் சொன்னது ஒரு பொய். திங்கட்கிழமை விடிகாலையில் நெஞ்சு வலிக்கிறது என்று செல்வியிடம் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன்பே முடிந்துவிட்டது.

நான் திரும்பி மலையேறி அவர் வீட்டுக்குப் போனபோது பதினொரு மணி இருக்கும். ராமாயி அக்காவின் மூத்த சகோதரி தள்ளியிருக்கும் ஒரு ஊரிலிருந்து வர வேண்டும், அவர் வந்தால்தான் எடுப்பது என்று காத்திருந்தார்கள். படுக்கவைத்திருந்தவரின் முகத்தைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் பார்க்க முடியும்? வெளியே வந்து மறுபடி நடக்க ஆரம்பித்தேன். செல்வி வந்து என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"டீச்சர், இன்னிக்கு எங்க ஊட்டுல அடுப்பு எரியாது. அடக்கம் முடிஞ்சு வர்றவங்களுக்கு உங்க ஊட்டுல இருந்து சோறு வரட்டுங்க."

"செல்வி, பெரியம்மா வர்றாங்களே. அவங்கெல்லாம்..."

பெரியம்மா பழைய முறைகளில் கறாரானவர் என்று ராமாயி அக்காவே சொல்லிக் கேட்டிருக்கிறேன். என் வீட்டு வாசல்வரை வந்தவர்கூட இல்லை.

"வரட்டுங்க டீச்சர்" என்றாள் செல்வி.

வீட்டுக்குப் போய்ப் பெரிய பாத்திரத்தில் உலை வைத்தேன். பருப்பு வெந்துகொண்டிருக்கும்போது பதிப்பாளர் போன் செய்தார். கடிதம் வரவில்லையே, இன்றைக்கு அச்சுக்குப் போகாவிட்டால் கோடை விழாவுக்குப் புத்தகம் கிடைக்காது என்றார். அவரிடம் செய்தியைச் சொன்னேன். அவர் வருந்தினார், நல்ல மனிதர். பிறகு தயங்கித் தயங்கிக் கடிதத்தைப் பற்றி மறுபடியும் கேட்டார்.

"ஆறாம் அத்தியாயம் அப்படியே இருக்கணுங்க. கிழங்கு, போசி, காத்திருக்கறது, எல்லாம். அதை எடுக்கறதா இருந்தா புத்தகமே வேண்டாம்."

"அப்ப இந்த வருஷம் வராதும்மா. அடுத்த வருஷமும் என்னால உறுதி சொல்ல முடியாது."

"வரலைன்னா வராதுங்க. அடுப்புல சோறு இருக்குது, வெச்சர்றேன்" என்று போனை அணைத்தேன். அணைத்த பிறகு வெகுநேரம் அழுதேன். அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன்.

மூன்று மணிக்கு அடக்கம் முடிந்தது. மண் போடும் முறை எனக்கு வந்தபோது மனசுக்குள் சொன்னேன், ஒன்றையும் சுருக்கவில்லை அக்கா என்று. காலம் கடந்து சொன்ன பதில். இதை அவர் கேட்டிருப்பார் என்று சொல்லி என்னை நான் ஏமாற்றிக்கொள்ளத் தயாராக இல்லை.

குளித்துவிட்டு வந்தவர்கள் முற்றத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். பெரியம்மா ஓரத்தில் இருந்தார். செல்வி எல்லோருக்கும் இலை போட்டாள். என் வீட்டுப் பாத்திரத்திலிருந்து நானே பரிமாற வேண்டும் என்று கரண்டியைக் கையில் கொடுத்துவிட்டாள். பெரியம்மாவின் இலைக்கு வந்ததும் கரண்டியை நிறுத்திக்கொண்டேன்.

"இது ஆரு ஊட்டுச் சோறு?" என்று கேட்டார் அவர்.

"என் ஊட்டுச் சோறுங்கம்மா. ராமாயி அக்காவோட புத்தகம் எழுதுனேனே, அந்த டீச்சர்" என்றேன்.

வரிசையில் யாரும் இன்னும் கை வைக்கவில்லை. சிலர் அவரையும் சிலர் இலையையும் பார்த்தார்கள். பெரியம்மா என் முகத்தைப் பார்த்தார். அழுது வீங்கிய கண்கள், தங்கையுடைய அதே கண்கள். இலையை என் பக்கம் நகர்த்தினார். வைத்தேன். பருப்பை ஊற்றினேன். பிசைந்து ஒரு வாய் வைத்தார், மெதுவாக மென்று விழுங்கினார். மற்றவர்களும் கை வைத்தார்கள். நான் அடுத்த இலைக்கு நகர்ந்தபோது பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது.

"இன்னுங் கொஞ்சம் வையி, கண்ணு."

போய் வாருங்கள் ராமாயி அக்கா. உங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டாயிற்று.